உடைமாற்றும் அறையில் எது குற்றம்? இங்கிலாந்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மகளுக்கு ஆறு வயதானபோது நீச்சல் வகுப்பில் சேர்த்தோம். ஆரம்பப் பள்ளியை முடிப்பதற்குள் பிள்ளைகள் 25 மீற்றராவது நீந்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று இந்த நாட்டின் பாடத்திட்டமே சொல்வதால் தப்பிக்க வழியில்லை. முதல் நாள் பெண்கள் அறைக் கதவைத் திறந்தால், எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி உடம்பில் ஒரு நூல் இல்லாமல் நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் குளிர்" என்றார். நான் தரையில் பதித்திருந்த ஓடுகளை எண்ணத் தொடங்கினேன். மகள் மட்டும் உரக்கக் கேட்டாள்: "அம்மா, அந்தப் பாட்டிக்கு வெட்கம் இல்லையா?"

கிணற்றடியில் குறுக்குக்கட்டோடு குளித்து, ஈரத்துணி அவிழாமலே உலர்ந்த துணிக்கு மாறும் வித்தையைப் பத்து வயதுக்குள் கற்றுக்கொண்டவள் நான். அன்று எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது, வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான். இப்போது பதில் தெரியும். அந்தப் பாட்டி செய்தது குற்றமே இல்லை. அதே கட்டடத்தில் முழுதாக உடுத்திய ஒருவர் குற்றம் செய்ய முடியும். இந்த வேறுபாடு பிடிபடாததால்தான் நம்மவர்களின் முறைப்பாடுகள் பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

கீழே வருவது இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் உரிய சட்டம். ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டங்கள் உண்டு. நான் வழக்கறிஞர் இல்லை. பிள்ளைகளோடு பத்து வருடமாகக் குளத்துக்குப் போய்வரும் தாய், கூடவே நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிக்கும் கெட்ட பழக்கமும் உள்ளவள். உங்கள் வழக்கென்று ஒன்று வந்தால் சொலிசிட்டரிடம் போங்கள்.

படி 1: நிர்வாணம் வேறு, குற்றம் வேறு

உறுப்பைக் காட்டும் குற்றத்தைச் சொல்வது 2003 ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டத்தின் 66 ஆம் பிரிவு. அது நடைமுறைக்கு வந்தது 2004 மே மாதம். அதற்கு முன் பெரும்பாலும் 1824 ஆம் ஆண்டின் நாடோடிகள் சட்டத்தை வைத்துத்தான் வழக்குப் போட்டார்கள். பிச்சை எடுப்பவர்களையும் வீதியில் படுப்பவர்களையும் பிடிக்க எழுதிய அந்தப் பழஞ்சட்டத்தில், ஒரு பெண்ணை அவமதிக்கும் எண்ணத்தோடு ஓர் ஆண் காட்டினால் மட்டுமே குற்றம். புதிய சட்டத்தில் செய்பவரும் பார்ப்பவரும் ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம்.

66 ஆம் பிரிவுக்கு இரண்டு கால்கள். ஒருவர் தன் பிறப்புறுப்பை வேண்டுமென்றே வெளியே காட்டியிருக்க வேண்டும். அதை யாராவது பார்த்து அதிர்ச்சியோ மனவேதனையோ அடைய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வழக்கு விழுந்துவிடும். தலை துவட்டிய பாட்டிக்கு முதலாவது இருந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டாவது அறவே இல்லை.

இதிலிருந்து சில விடயங்கள் தானாக வருகின்றன. பார்த்தவர் உண்மையில் அதிர்ந்தாரா என்பது முக்கியமில்லை, அதிர வைக்கும் எண்ணம் இருந்தாலே போதும். நீங்கள் சிரித்துவிட்டு நகர்ந்திருந்தாலும் அது குற்றம்தான். இடம் பொது இடமாக இருக்க வேண்டிய தேவையும் இல்லை. பூட்டிய உடற்பயிற்சி நிலையத்துக்குள்ளும், வீட்டுச் சன்னலிலும் நடக்கலாம். பிறப்புறுப்பு என்றுதான் சட்டம் சொல்வதால் மார்பும் பின்புறமும் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டா. காரின் சன்னலில் பின்புறத்தைக் காட்டிச் சிரிக்கும் இளவட்டங்களுக்கு வேறு பிரிவு பார்க்க வேண்டும்.

அந்த வேறு பிரிவு பெரும்பாலும் 1986 ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின் 5 ஆவது பிரிவாக இருக்கும். அருகில் இருப்பவருக்குத் தொல்லையோ அதிர்ச்சியோ தரக்கூடிய ஒழுங்கீனமான நடத்தையை அது பிடிக்கும். பொது நாகரிகத்தைக் குலைத்தல் என்று எழுதாச் சட்டத்தில் ஒரு பழைய குற்றமும் இருக்கிறது. அதற்குக் குறைந்தது இரண்டு பேராவது பார்க்கக்கூடிய நிலையில் அங்கே இருந்திருக்க வேண்டும்.

லண்டன் தெருக்களில் வருடத்துக்கு ஒருமுறை நூற்றுக்கணக்கானோர் ஆடையின்றிச் சைக்கிளில் போகிறார்கள், பொலிஸார் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிறார்கள். ஊரிலிருந்து வந்திருந்த என் சித்தி அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. சட்டத்தின் கேள்வி அங்கேயும் அதேதான்: யாரையாவது நோகடிக்கும் எண்ணம் இருந்ததா?

படி 2: எட்டிப் பார்த்தலும் படம் பிடித்தலும்

உடைமாற்றும் அறைகளில் நான் உண்மையில் பயப்படுவது இதற்குத்தான். அதே 2003 சட்டத்தின் 67 ஆம் பிரிவு ஒளிந்து பார்ப்பதைக் குற்றமாக்குகிறது. அந்தரங்கம் கிடைக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய இடத்தில் ஒருவர் ஆடையின்றியோ உள்ளாடையோடோ இருக்கும்போது, அவர் சம்மதிக்கவில்லை என்று தெரிந்தும் பாலியல் இன்பத்துக்காகப் பார்ப்பது, பதிவு செய்வது, இன்னொருவர் பார்க்கக் கருவியை இயக்குவது எல்லாம் இதில் அடங்கும். அப்படிப் பார்க்கும் நோக்கத்தோடு சுவரில் துளை போட்டாலே, கமராவைப் பொருத்தினாலே குற்றம் முழுமையாகிவிடும். படம் எதுவும் பதிவாகியிருக்க வேண்டியதில்லை.

2019 ஏப்ரலில் 67A என்ற பிரிவு சேர்ந்தது. பாவாடைக்குக் கீழே கைபேசியை நீட்டிப் படம் எடுப்பதற்கு எதிரானது அது. இசை விழா ஒன்றில் தனக்கு அப்படி நடந்தபோது பொருத்தமான சட்டம் இல்லை என்று அறிந்து, ஜினா மார்ட்டின் என்ற பெண் நடத்திய போராட்டத்தின் விளைவு. அவமானப்படுத்துவதற்காகவோ வேதனைப்படுத்துவதற்காகவோ எடுத்தாலும் 67A பிடிக்கும். பாலியல் நோக்கம் இருந்தது என்று காட்டியே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு செய்தி. 2008 இல் பாசெட் என்பவரின் வழக்கு மேல்முறையீட்டுக்கு வந்தது. நீச்சல் குளத்தில் பைக்குள் கமராவை மறைத்து, காற்சட்டையோடு மழைக்குழாயின் கீழ் நின்ற ஓர் ஆணைப் படம் பிடித்தவர். சட்டத்திலுள்ள மார்பகம் என்ற சொல் பெண்ணின் மார்பகத்தையே குறிக்கும் என்று நீதிபதிகள் சொல்ல, தண்டனைத் தீர்ப்பு ரத்தானது. ஆண்களுக்குப் பாதுகாப்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். உடம்பின் எந்தப் பாகம் வெளியே தெரிந்தது என்பதை முறைப்பாட்டில் துல்லியமாகச் சொல்ல வேண்டும், அதுதான் பாடம். இந்தத் துல்லியத்தைப் பற்றிப் பின்னால் மறுபடி பேசுகிறேன்.

படி 3: அறை யாருக்கு உரியது என்பது வேறு கேள்வி

பெண்கள் அறைக்குள் ஆண் நுழைந்தால் உடனே 999 அழைக்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். தவறான அறைக்குள் நுழைவது தன்னளவில் இங்கே குற்றவியல் குற்றம் ஆகாது. வெளியே போகச் சொல்லும் உரிமை இடத்தின் நிர்வாகத்துக்கு உண்டு. போக மறுத்தால் அத்துமீறல், அது முதலில் சிவில் விவகாரம். பாலியல் குற்றம் செய்யும் நோக்கத்தோடு அத்துமீறினால் கதையே வேறு. 2003 சட்டத்தின் 63 ஆம் பிரிவின் கீழ் பத்து வருடம் வரை சிறை.

தனித்தனி அறை வைக்கும் அனுமதி 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்திலிருந்து வருகிறது. பொதுவாக ஆண் பெண் என்று வேறுபாடு காட்டக்கூடாது. ஆனால் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் இடத்தில், எதிர்ப்பாலினத்தவர் இருப்பதை ஒருவர் நியாயமாக ஆட்சேபிக்கக்கூடும் என்றால், தனி ஏற்பாடு செய்யலாம். நியாயமான நோக்கத்துக்கு ஏற்ற அளவான நடவடிக்கையாக அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

2025 ஏப்ரல் 16 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக ஒரு தீர்ப்பு வழங்கினார்கள். ஸ்கொட்லாந்து அரசுக்கு எதிராக ஃபோர் விமன் ஸ்கொட்லாந்து அமைப்பு தொடுத்த வழக்கு அது. சமத்துவச் சட்டத்தில் பெண், ஆண், பால் என்ற சொற்கள் பிறப்பால் அமைந்த உயிரியல் பாலையே குறிக்கும், பாலினத்தைச் சட்டப்படி மாற்றிக்கொண்டதற்கான பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றிருந்தாலும் இந்தச் சட்டத்தின் தேவைக்கு அது மாறாது என்றார்கள். பாலின மாற்றம் என்ற காரணத்துக்காகத் திருநர்களைப் பாகுபடுத்துவதும் துன்புறுத்துவதும் முன்போலவே சட்டவிரோதம் என்பதையும் அதே தீர்ப்பில் சொன்னார்கள்.

வாட்சப் குழுக்களில் இது வேறு உருவம் எடுத்தது. 'இனிமேல் நாங்களே பிடித்து வெளியேற்றலாம்' என்று ஒருவர் எழுதினார். முடியாது. அந்தத் தீர்ப்பு சமத்துவச் சட்டத்துக்குப் பொருள் சொன்னது, புதிய குற்றம் எதையும் உண்டாக்கவில்லை. ஒரு திருநங்கை அறையில் இருப்பதோ, அமைதியாக உடை மாற்றுவதோ தன்னளவில் 66 ஆம் பிரிவில் விழாது. அங்கும் எண்ணம்தான் கேள்வி, எல்லோருக்கும் ஒரே அளவுகோல். தோற்றத்தை வைத்து ஆளை மதிப்பிடப் போகாதீர்கள். குட்டை முடியும் அகன்ற தோளும் உள்ள என் தோழி ஒருத்தி, இரண்டு பிள்ளைகள் பெற்றவள், 'நீங்கள் தவறான அறைக்கு வந்துவிட்டீர்கள்' என்ற வசனத்தை இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டாள். அறையின் விதி பற்றிய ஆட்சேபம் இருந்தால் வரவேற்பு மேசைக்குப் போங்கள். அதற்கு அப்பால் எழுத்தில் முறைப்பாடு. சமத்துவச் சட்டத்தின் கீழ் வழக்கு என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் ஆறு மாதத்துக்குள் தொடுக்க வேண்டும்.

வேலையிடம் என்றால் 1992 ஆம் ஆண்டின் பணியிட ஒழுங்குவிதிகளும் சேரும். வேலைக்கென்று சிறப்பு உடை மாற்ற வேண்டியவர்களுக்கு, கண்ணியம் கருதித் தேவைப்படும் இடத்தில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வசதி செய்துதர வேண்டும் என்று 24 ஆவது விதி சொல்கிறது. பராமரிப்பு இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் வேலை செய்யும் நம் பெண்கள் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

படி 4: போவதற்கு முன்

குளத்தின் இணையப் பக்கத்தில் என்ன வகை அறை என்று பாருங்கள். புதிய குளங்கள் பலவற்றில் இருபாலாருக்கும் பொதுவான ஒரே மண்டபம், உள்ளே பூட்டக்கூடிய சிறு அறைகள் வரிசையாக. மண்டபத்தில் ஆண்கள் நடமாடுவார்கள், அதில் விதிமீறல் இல்லை. பூட்டு வேலை செய்கிறதா, கதவின் கீழ் இடைவெளி எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

தாயோடு மகனும் தந்தையோடு மகளும் எந்த வயதுவரை போகலாம் என்பதைச் சட்டம் சொல்லவில்லை, அந்தந்த இடம் தீர்மானிக்கிறது. பல குளங்களில் எட்டு வயது எல்லை. குடும்ப அறை உண்டா என்று கேளுங்கள்.

உள்ளே கைபேசியைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். தண்ணீரிலிருந்து ஏறிய மகளை ஆசையாக ஒரு படம் எடுக்க, பின்னால் இன்னொருவரின் பிள்ளை நிற்கும்.

படி 5: நடந்துவிட்டால், முதல் பத்து நிமிடம்

பிள்ளையோடு அந்த அறையை விட்டு வெளியேறுங்கள். ஆபத்து இன்னும் இருக்கிறது, அல்லது அந்த ஆள் அங்கேயே நிற்கிறார் என்றால் 999. இல்லாவிட்டால் முதலில் பணியாளரிடம் சொல்லி, நிகழ்வுப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதும்வரை நின்று பாருங்கள். எழுதியவரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆதாரத்துக்கென்று நீங்கள் படம் எடுக்காதீர்கள். உடைமாற்றும் அறையில் கைபேசியைத் தூக்கினால், அடுத்த முறைப்பாடு உங்கள் மேல் வரும்.

நுழைவாயிலிலும் நடைபாதையிலும் உள்ள கமராப் பதிவைப் பத்திரப்படுத்தும்படி அன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், தேதியும் நேரமும் குறிப்பிட்டு. பல இடங்களில் ஒரு மாதத்துக்குள் பழைய பதிவு தானாக அழிந்துவிடும்.

பிள்ளை பார்த்திருந்தால் துருவித் துருவிக் கேட்காதீர்கள். 'அவன் இப்படிச் செய்தானா, அப்படிச் செய்தானா' என்று நாம் எடுத்துக் கொடுக்கும் சொல் பிள்ளையின் வாயில் ஒட்டிக்கொள்ளும், பிறகு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். பிள்ளை தானாகச் சொன்னதை அதே சொற்களில் எழுதி வையுங்கள். விசாரணையைப் பயிற்சி பெற்றவர்கள் காணொளிப் பதிவோடு செய்வார்கள். என்ன செய்வது என்று குழம்பினால், சிறுவர் பாதுகாப்புக்கான என்எஸ்பிசிசி (NSPCC) அமைப்பின் உதவி எண் 0808 800 5000.

படி 6: பொலிஸிடம் சொல்லும்போது

இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியதே இந்தப் படிதான்.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறார். அறுபது வயது. மருத்துவர் சொன்னார் என்று தண்ணீருக்குள் உடற்பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் பொது மண்டபத்தில், சிறு அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் ஆள் அவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறான். மாமி துணிந்து பொலிஸுக்கு அழைத்தார், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் தொலைபேசியில் வந்தார். மாமி சொன்னது: "தம்பி, ஒருத்தன் அசிங்கமாக நடந்துகொண்டான். காட்டக்கூடாததைக் காட்டினான்." மொழிபெயர்ப்பில் அது 'ஒருவர் மரியாதையில்லாமல் நடந்துகொண்டார்' என்று போனது. சில நாளில் கடிதம் வந்தது: குற்றம் எதுவும் வெளிப்படவில்லை.

மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம்முடைய பேச்சும் குறுக்குக்கட்டோடுதான் வெளியே வருகிறது. கெட்ட வேலை செய்தான், ஒரு மாதிரி நின்றான், தப்பாகப் பார்த்தான். ஊரில் இதைக் கேட்பவருக்கு எல்லாம் விளங்கும். இங்கே 66 ஆம் பிரிவின் இரண்டு கால்களில் ஒன்றுகூட அந்த வாக்கியங்களில் இல்லை. எண்ணத்தை நேரடியாக யாராலும் பார்க்க முடியாது. சின்னச் சின்னச் செயல்களிலிருந்துதான் நீதிமன்றம் அதை ஊகிக்கிறது. நாம் கூச்சத்தில் விழுங்கிவிடுவது அந்தச் சின்னச் செயல்களைத்தான்.

எனவே அழைப்பதற்கு முன் ஒரு தாளில் தமிழிலேயே எழுதுங்கள். எந்த உறுப்பு தெரிந்தது: ஆணுறுப்பு என்றால் ஆணுறுப்பு என்றே எழுதுங்கள். ஆடை எப்படி இருந்தது, தானாக விலகியதா, அவர் விலக்கினாரா. நீங்கள் வருவதற்கு முன்பே அப்படி இருந்தாரா, உங்களைக் கண்ட பிறகு செய்தாரா. கண் எங்கே இருந்தது. கூப்பிட்டாரா, இருமினாரா, சிரித்தாரா. கை அசைந்ததா. நீங்கள் முகத்தைத் திருப்பியதும் மறைத்தாரா, கூடவே நகர்ந்து வந்தாரா. எத்தனை அடி தூரம், எவ்வளவு நேரம். வேறு யார் பார்த்தார்கள். முன்பு எப்போதாவது நடந்ததா.

துவாய் நழுவி விழுந்தவரையும் காத்திருந்து காட்டியவரையும் பிரித்துக் காட்டுவது இந்தப் பதில்கள்தான். துவாய் நழுவியவருக்கும் இது நியாயம் என்பதை மறக்க வேண்டாம்.

அவசரம் இல்லாதபோது 101, அல்லது உங்கள் பகுதிப் பொலிஸின் இணையப் படிவம். ரயிலிலோ நிலையத்திலோ என்றால் பிரிட்டிஷ் போக்குவரத்துப் பொலிஸுக்கு 61016 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி. மொழிபெயர்ப்பாளருக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். ஊர் அறிந்த ஆளாக இருந்து உங்களுக்குத் தயக்கமானால், வேறு ஒருவரைக் கேட்பதிலும் தவறில்லை. முறைப்பாட்டுக்குப் பொலிஸ் தரும் பதிவு எண்ணை வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள். வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்குமுன் முழுவதையும் திரும்ப வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

நாள் கடந்துவிட்டதே என்று விடவேண்டாம். 66, 67 ஆம் பிரிவுகளுக்குக் கால எல்லை இல்லை. பொது ஒழுங்குச் சட்டத்தின் 5 ஆவது பிரிவுக்கு மட்டும் ஆறு மாதம்.

'தொடவில்லையே, விடுங்கள்' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். 2021 மார்ச்சில் லண்டனில் சாரா எவரார்டைக் கடத்திக் கொன்ற வெய்ன் கூசன்ஸ் அப்போது பொலிஸ் சேவையில் இருந்தவர். அதற்குச் சில நாள் முன்னர், கென்ற் மாவட்டத்தில் காரிலிருந்தபடியே உணவு வாங்கும் கடை ஒன்றில் பெண் ஊழியர்களிடம் அவர் உறுப்பைக் காட்டியிருந்தார். அவர்கள் முறைப்பாடு செய்தார்கள், கார் யாருடையது என்று கண்டுபிடிக்கும் வழியும் இருந்தது. அவை உட்பட அவர் செய்த இத்தகைய குற்றங்களுக்காக 19 மாதச் சிறை கிடைத்தது 2023 இல், எல்லாம் முடிந்த பிறகு. உறுப்பைக் காட்டும் குற்றங்களை இதைவிடக் கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கூசன்ஸ் பற்றி ஆராய்ந்து 2024 பெப்ரவரியில் வெளியான ஆஞ்சியோலினி விசாரணை அறிக்கை வலியுறுத்தியது.

படி 7: அதற்குப் பிறகு

பெயர் வெளியே வந்துவிடும் என்பதுதான் நம்மவர்களின் பெரிய பயம். 1992 ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் (திருத்தம்) சட்டப்படி, 66, 67 உட்படப் பெரும்பாலான பாலியல் குற்றங்களில் முறைப்பாட்டாளரின் அடையாளத்தை ஊடகமோ சமூக வலைத்தளமோ அவர் வாழ்நாள் முழுவதும் வெளியிடக்கூடாது. வெளியிடுவதே குற்றம். கோயில் வாசலில் பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்காது, அது வேறு. நீதிமன்றத்தில் திரைக்குப் பின்னாலிருந்து சாட்சி சொல்லவும் விண்ணப்பிக்கலாம்.

66, 67 ஆம் பிரிவுகளுக்கு உச்சத் தண்டனை இரண்டு வருடச் சிறை. பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் சேர்வது தண்டனையின் அளவையும் பாதிக்கப்பட்டவரின் வயதையும் பொறுத்தது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையின் முன்னால், பிள்ளை பார்க்கிறது என்று தெரிந்தே, பாலியல் இன்பத்துக்காகப் பாலியல் செயலில் ஈடுபட்டால் 2003 சட்டத்தின் 11 ஆவது பிரிவு. பத்து வருடம் வரை.

வழக்குத் தொடர வேண்டாம் என்று பொலிஸோ அரச வழக்குத்தொடுநர் அலுவலகமோ முடிவெடுத்தால், அது பெரும்பாலும் மீளாய்வுக்கு உட்பட்டது. பாதிக்கப்பட்டவரின் மீளாய்வு உரிமை என்று ஒரு திட்டம் இருக்கிறது. கடிதம் கிடைத்ததும் தாமதிக்காமல் எழுதுங்கள்.

மாமியின் கோப்பில் சந்தேக நபர் என்று எவரையும் பொலிஸ் தேடிப் பிடித்திருக்கவில்லை. அதனால் அந்தத் திட்டம் அவருக்குப் பொருந்தவில்லை. பதிவு எண்ணைச் சொல்லி மறுபடி அழைத்தோம். இந்த முறை பெண் மொழிபெயர்ப்பாளர். சமையலறை மேசையில் எழுதிய தாளை முன்னால் வைத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்து, ஒவ்வொரு வரியாக வாசித்தார் மாமி. மூன்றாவது வரியில் அந்தச் சொல் வந்தது. ஒரு கணம் நிறுத்தி, கூடத்தில் மாமா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த பக்கம் திரும்பி, "சத்தத்தைக் கூட்டுங்கள்" என்றார். பிறகு வாசித்தார். வாக்குமூலம் நான்கு பக்கம் வந்தது.